காம்ப் கட்டிலுக்கு ஒரு பருத்தி விரிப்பு
(சார்ஜாவிலிருந்து ஒரு தொழிலாளி)

வளைகுடா நாடுகள் என்றவுடன் எம்மவர்கள் பலருக்கு உயர்ந்த கட்டடங்களும் தங்கக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் உறவுகள் பலர் ஊருக்குப் போகும் வழியில் டுபாய் விமான நிலையத்தில் சில மணி நேரம் நின்றிருப்பார்கள். அந்த விமான நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரம் வடகிழக்கே வந்தால் சார்ஜா. சார்ஜாவின் உள்பக்கத்தில் இலக்கம் போட்டுப் பிரித்த கைத்தொழிற் பகுதிகள் இருக்கின்றன. 'இண்டஸ்ரியல் ஏரியா' என்று எல்லா மொழிக்காரரும் சொல்வார்கள். அலுமினியம், பிளாஸ்ரிக், மரத் தளபாடம், வாகனத் திருத்தகம் என்று தெருவுக்குத் தெரு ஒவ்வொரு தொழில். இடையிடையே தொழிலாளர் குடியிருப்புகள். இந்தக் குடியிருப்புக்கு இங்கே எல்லோரும் வழங்கும் பெயர் 'காம்ப்'.

அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 2009 இல் வன்னியிலிருந்து வந்த சனத்தோடு நானும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவன். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர்களை அந்த முகாம் பிரிவுகளுக்கு வைத்திருந்தார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அங்கே இருந்தது. 2012 செப்ரெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது. அதற்குப் பின் 2014 இல் நான் வந்து சேர்ந்த இடத்தின் பெயரும் காம்ப்தான்.

ஐக்கிய அரபு இராச்சியம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேர்ந்த நாடு அல்ல. ஆகவே இங்கே அகதி என்று பதிந்து இருக்க வழியில்லை. பத்திரத்தில் நாங்கள் எல்லோரும் தொழிலாளர்கள். வேலை இருக்கும் வரை விசா; விசா இருக்கும் வரை கட்டில். வேலை முடிந்து விசாவும் நிறுத்தப்பட்டால், கட்டில் அடுத்து வருபவருக்குப் போய்விடும். ஆகவே இந்த நாட்டில் எனக்கென்று இருக்கும் இடம் 90 சென்ரிமீற்றர் அகலமும் 190 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட ஓர் இரும்புக் கட்டில்தான். அதிலே விரிக்கும் துணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதுவும் எழுத வேண்டிய விடயமா என்று சிலர் கேட்கலாம். தண்ணீர்ப் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து வருபவனிடம் கேட்டால் ஆம் என்றுதான் சொல்வான்.

விரிப்பு பட்ட பாடு

எங்கள் சனத்துக்குப் படுக்கை விரிப்பு என்பது படுக்கை விரிப்பாக இருந்த காலம் குறைவு. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து சனம் இரவோடு இரவாக வெளிக்கிட்டபோது, வீட்டிலிருந்த பெற்சீற்றில்தான் உடுப்பையும் சட்டி பானையையும் மூட்டையாகக் கட்டினார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. கைதடி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோது அதே பெற்சீற் தங்கச்சிக்கு ஏணையாகியது. மழைக்கு அதுவே வாசல் மறைப்பு. வன்னியில் காயப்பட்டவர்களை இரண்டு தடிகளில் விரிப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்டிருக்கிறேன். கடைசி மாதங்களில் பலருக்கு அதுவே போர்த்தி மூடும் துணியாகவும் போனது. இதை வாசிக்கும் குடும்பங்களில் இதைக் காணாதவர் குறைவாகத்தான் இருப்பார்கள்.

மெனிக் பாமில் நிவாரணமாகப் பாயும் விரிப்பும் தந்தார்கள். கூடாரத்தில் ஆட்கள் கூட என்பதால் அந்த விரிப்பை நடுவில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினோம். குமர்ப்பிள்ளைகள் இருந்த குடும்பங்களுக்கு மறைப்புத்தான் முதல் தேவை. படுத்தது பாயில்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு துணியை வேறு எதற்கும் இல்லாமல் படுப்பதற்கு மட்டும் விரிக்கலாம் என்பது எங்களில் பலருக்குப் பின்னாளில் வந்த வசதி. அந்த வசதியை அனுபவிக்க வெட்கப்படத் தேவையில்லை.

காம்ப் கட்டில்

இந்த நாட்டில் 2009 இல் தொழிலாளர் குடியிருப்புக்கான சட்டவிதி ஒன்று வந்தது. ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீற்றர் இடம் இருக்க வேண்டும் என்று அதில் உண்டு. எங்கள் அறையில் எட்டுப் பேர். மேலும் கீழுமாக நான்கு இரட்டைக் கட்டில்கள். நேபாளத்தவர் இருவர், கேரளத்தவர் ஒருவர், பங்களாதேசத்தவர் மூவர், மட்டக்களப்புத் தம்பி ஒருவர், நான். கீழ்க்கட்டில்காரர் எல்லோரும் சுற்றிவர விரிப்பைத் தொங்கவிட்டு மறைத்திருப்பார்கள். இரவு வேலைக்காரன் பகலில் நித்திரை கொள்ள வேண்டும், வீட்டுக்குப் போனில் கதைக்க வேண்டும், அழவும் வேண்டும். அதற்கு அந்த மறைப்பு.

கட்டிலும் மெத்தையும் கொம்பனி தரும். மெத்தை என்பது பத்துச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள பஞ்சு ரப்பர். அதில் முன்பு படுத்தவரின் வியர்வை மணம் இருக்கும். மூட்டைப்பூச்சியும் இருக்கக்கூடும். விரிப்பு அவரவர் பாடு. புதிதாக வருகிறவர்கள் கையில் காசில்லாமல், கிடைக்கிற மலிவான பளபளப்புத் துணியை வாங்கி விரித்துவிடுவார்கள். பூவும் மயிலும் போட்டு வடிவாகத்தான் இருக்கும். ஆனால் ஓகஸ்ற் மாதத்தில் கடற்கரை நகரங்களில் இரவிலும் வெக்கை முப்பது பாகைக்குக் கீழே இறங்காது. காற்றில் ஈரம் ஊறி நிற்கும். ஏ.சி. நின்றுவிட்டால் அந்தப் பொலியெஸ்ரர் விரிப்பு முதுகில் ஒட்டிப் பிடிக்கும். பொலியெஸ்ரர் நூல் வியர்வையை உறிஞ்சாது. பருத்தி உறிஞ்சி, மெல்ல மெல்லக் காற்றில் விடும். முழு வித்தியாசமும் இதுதான்.

எண்ணெய் வருவதற்கு முந்தி இந்த ஊர்ச் சனம் எப்படிப் படுத்தது என்று கேட்கலாம். அபுதாபியிலிருந்து எண்ணெய் ஏற்றுமதி 1962 இல்தான் தொடங்கியது. டுபாயிலிருந்து 1969 இல். அதற்கு முன் பலர் பேரீச்ச ஓலையால் கட்டிய 'அரிஷ்' குடிசைகளில் இருந்தார்கள். எங்கள் கிடுகு வீட்டின் உறவுக்காரன் என்று சொல்லலாம். வசதியான வியாபாரிகளின் வீடுகளில் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரங்கள் இருந்தன. 'பர்ஜீல்' என்பார்கள். டுபாயில் அல் பாஹிதி என்ற பழைய பகுதியில் இன்றும் பார்க்கலாம். கோடை இரவுகளில் கூரையிலும் முற்றத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். ஊரில் வைகாசி வெக்கையில் நாங்கள் முற்றத்தில் படுத்ததும் அப்படித்தானே.

கடைத்தெரு

எங்கள் தொழிற்சாலைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. சார்ஜாவில் துணி வாங்கப் போகிறவர்கள் முதலில் போவது றோலா. றோலா என்றால் ஆலமரம். அந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய ஆலமரம் நின்றதாம். 1978 இல் அது பட்டுப்போனது. இப்போது அந்தச் சதுக்கத்தில் மரத்தின் நினைவாக ஒரு சின்னம் நிற்கிறது. அதைச் சுற்றிய தெருக்களில் மலையாளம், தமிழ், உருது, வங்காளம் எல்லாம் கேட்கும். எங்கள் ஊர்ச் சந்தை வேம்படி மாதிரி, ஆளை ஆள் சந்திக்கும் இடமும் இதுதான்.

நேரம் இருந்தால் பஸ் ஏறி டுபாய் போகலாம். பர் டுபாயில் கிறீக் என்னும் உப்புநீர்க் கழியின் ஓரத்தில் மரக்கூரை போட்ட பழைய துணிச் சந்தை இருக்கிறது. சிந்தி வியாபாரிகள் தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தையோடு ஒட்டியிருந்த சிவன் கோயில் 2024 தொடக்கத்தில் ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டது. முன்பு கோயிலுக்குப் போய்விட்டுத் துணி பார்த்து வருவது பலருக்கு வழக்கம். அங்கிருந்து ஒரு திர்ஹம் கொடுத்து 'அப்ரா' என்ற மரப்படகில் ஏறினால் அக்கரை டெய்றா. அங்கே முர்ஷித் பஜார் பக்கம் மொத்தக் கடைகள் உண்டு. பத்து நிமிடமும் ஆகாத அந்தப் படகுப் பயணத்தில் முகத்தில் காற்றுப் படும்போது, ஊர்காவற்றுறையில் பாதையில் கடந்த நினைவு எனக்கு வரும்.

கடைகளில் கிடைக்கும் விரிப்புகளில் பெரும்பங்கு பாகிஸ்தான், இந்தியா, சீனா. பாகிஸ்தானில் பைசலாபாத்தும் கராச்சியும் இதற்குப் பெயர் போனவை. இந்தியத் துணியில் எங்கள் தமிழ்நாட்டுக் கரூரின் பங்கு பெரிது. வீட்டுத் துணிகள் நெய்து ஏற்றுமதி செய்யும் நகரம் அது. இலங்கையில் கைத்தறி விரிப்புக்கு மருதமுனை என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு புதினம்: ஆங்கிலத்தில் பருத்திக்கு வழங்கும் 'கொற்றன்' என்ற சொல்லே அரபு மொழியின் 'குத்ன்' என்பதிலிருந்து போனதுதான். ஆகவே கடைக்காரரிடம் "குத்ன்?" என்று கேட்டால் விளங்கிக்கொள்வார்.

எப்படித் தெரிவது?

கடைக்காரர் எல்லாவற்றையும் பருத்தி என்றுதான் சொல்வார். நாங்கள்தான் பார்க்க வேண்டும். நான் இந்த வருடங்களில் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சிட்டையை வாசியுங்கள். '100 வீதம் கொற்றன்' என்றிருந்தால் முழுப் பருத்தி. 'கொற்றன் ரச்', 'கொற்றன் ஃபீல்', 'கொற்றன் றிச்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் கவனம். பருத்தி மாதிரி இருக்கும் அல்லது கொஞ்சம் பருத்தி கலந்திருக்கும் என்பதே அதன் பொருள். 'மைக்றோபைபர்' என்பது மெல்லிய பொலியெஸ்ரர்தான். தொட்டால் வெல்வெற் மாதிரி இருக்கும். குளிர் நாட்டுக்காரருக்குப் பொருந்தலாம், வெக்கைக்குச் சரிவராது.

சிட்டை இல்லாவிட்டால் ஒரு மூலையைக் கையில் பொத்தி இறுக்கிப் பிடித்து விடுங்கள். பருத்தி கசங்கி நிற்கும். பொலியெஸ்ரர் உடனே விரிந்துவிடும். ஓரத்தில் ஒரு நூலை இழுத்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு எரிந்து, மெல்லிய சாம்பலாக உதிரும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, கடினமான மணியாக இறுகும். கலப்புத் துணி இரண்டு குணத்தையும் காட்டும்.

அடுத்தது நூல் எண்ணிக்கை. ஒரு சதுர அங்குலத்தில் பாவு நூலும் ஊடை நூலும் சேர்த்து எத்தனை என்பதுதான் அது. 180 முதல் 300 வரை இருந்தால் எங்கள் தேவைக்கு மிக நல்லது. 1000 என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். இரண்டு மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூலில் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணிக் கணக்கைக் கூட்டுவது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். அப்படிப்பட்ட துணி பாரமாக இருக்கும். காற்றும் குறைவாகப் போகும்.

நெசவிலும் இரண்டு வகை. ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று பாய் பின்னுவது போல நெய்தது 'பேர்கேல்'. இது மொரமொரப்பாகக் குளிர்ச்சியாக இருக்கும். பல நூல்களுக்கு மேலே போய் ஒன்றின் கீழே இறங்குவது 'சற்றீன்'. பட்டுப் போல மினுங்கும். ஆனால் சூடு கொஞ்சம் கூட, நூலும் கெதியில் கிளம்பும். இந்த ஊருக்குப் பேர்கேல்தான்.

'எகிப்துப் பருத்தி' என்ற பெயருக்கு மட்டும் கூடக் காசு கொடுக்க வேண்டாம். எகிப்தில் விளையும் நீள இழைப் பருத்தி உண்மையில் உயர்ந்ததுதான். ஆனால் பெயர் ஒன்று, துணி வேறொன்றாக இருக்கும். 2016 ஓகஸ்ற்றில் அமெரிக்காவின் ரார்கெற் என்ற பெரிய கடை நிறுவனம், எகிப்துப் பருத்தி என்று விற்ற விரிப்புகளில் வேறு பருத்தி இருந்ததைக் கண்டுபிடித்து, அவற்றைச் செய்து கொடுத்த வெல்ஸ்பன் என்ற இந்திய நிறுவனத்துடனான தொடர்பை முறித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கடைக்கே அப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

அளவைக் கட்டாயம் எழுதிக்கொண்டு போங்கள். கட்டில் அகலம் 90, மெத்தைத் தடிப்பு இரண்டு பக்கமும் 20, உள்ளே சொருக இரண்டு பக்கமும் 40. ஆக 150 சென்ரிமீற்றர் வேண்டும். நீளத்துக்கும் இதே கணக்குப் பார்த்தால் 250. முழுப் பருத்தி முதல் தோய்ப்பில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் சிறியதை வாங்க வேண்டாம். கட்டில் விரிப்பாக வாங்காமல் அகலமான வெள்ளைப் பருத்தித் துணியை மீற்றர் கணக்கில் வாங்கி, தையற்காரரிடம் ஓரம் அடித்துக்கொண்டால் இன்னும் மலிவு. எங்கள் அறையில் மூன்று பேர் சேர்ந்து ஒரே துணியாக வாங்கினோம். விலையும் குறைத்துத் தந்தார்கள்.

நிறம்? வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான் என் தெரிவு. ஊத்தை தெரியும் என்று பலர் பயப்படுவார்கள். ஊத்தை தெரியத்தான் வேண்டும். மூட்டைப்பூச்சி வந்தால் அதன் கறுத்தப் புள்ளியும் இரத்தப் பொட்டும் முதல் நாளே தெரிந்துவிடும்.

தோய்ப்பதும் காயவைப்பதும்

புது விரிப்பைத் தோய்க்காமல் விரிக்க வேண்டாம். நெசவுக்குப் போட்ட கஞ்சிப்பசை அதில் இருக்கும். அது போனால்தான் வியர்வையை உறிஞ்சும். இரண்டு விரிப்பு இருந்தால் போதும். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில். மூட்டைப்பூச்சிக்கு 60 பாகைச் சூட்டுத் தண்ணீர் வேண்டும். இங்கே கோடையில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடுதான். ஆனால் பூச்சிக்கு அது போதாது. மெசின் இருக்கும் இடத்தில் சூட்டைக் கூட்டி விட வேண்டும்.

கோடை வெயிலில் விரிப்புக் காய ஒரு மணி நேரமும் வேண்டாம். ஆனால் 'ஷமால்' என்ற வடமேற்குக் காற்று மணலோடு வீசும் நாளில் வெளியே போடாதீர்கள். டுபாய், அபுதாபி அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் தெருவுக்குத் தெரியப் பல்கணியில் உடுப்புக் காயவைத்தால் மாநகரசபை தண்டம் அறவிடலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரவு வேலை முடிந்து காலையில் வந்து, குளித்து, வெயிலில் காய்ந்த விரிப்பை உதறிப் போட்டுப் படுத்தால் அந்த மணமே தனி. முதல் ஐந்து நிமிடம் துணி உடம்பில் குளிரும். பக்கத்தில் நேபாளத்தவரின் பாட்டு, வெளியே லொறிச் சத்தம், எல்லாம் தூரப் போய்விடும். காசு கொடுத்து வாங்கக்கூடிய சந்தோசங்களில் இதைவிட மலிவானது எனக்குத் தெரியாது.

இந்த நாடுகளில் வீட்டு வேலை செய்யும் எங்கள் சகோதரிகளையும் இங்கே சொல்ல வேண்டும். முல்லைத்தீவு அக்கா ஒருவர் ஒரு வீட்டில் வாரம் இரண்டு முறை பதினான்கு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி, தோய்த்து, அயன் பண்ணினவர். அவர் படுத்தது சாமான் அறையில் ஒரு மெத்தைத் துண்டில். விடுமுறையில் ஊருக்குப் போகமுன் தனக்கென்று அவர் வாங்கிய முதற்பொருள் ஒரு சோடி வெள்ளைப் பருத்தி விரிப்பு. நகை வாங்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஊருக்கு அனுப்பும் பெட்டி

எம்மவர்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டியில் புலிப்படம் போட்ட தடித்தக் கம்பளி கட்டாயம் இருக்கும். பெட்டியில் பாதியை அது பிடிக்கும். கிளிநொச்சி வெக்கையில் அதை யார் போர்ப்பது? அலுமாரிக்கு மேலே பொலித்தீன் பையோடு கிடக்கும். அந்தக் காசில் இரண்டு பருத்தி விரிப்பும் தலையணை உறைகளும் வாங்கலாம்.

2019 இல் நான் அம்மாவுக்கு இரண்டு விரிப்பு அனுப்பினேன். கன நாள் கழித்து வீடியோவில் கதைக்கும்போது பார்த்தால் கட்டிலில் பழைய சீலைதான் விரித்திருக்கிறது.

"அம்மா, நான் அனுப்பினது எங்கை?"

"பத்திரமா இருக்கடா தம்பி. ஆரும் வந்தால் விரிக்கலாம்."

தங்கச்சி பின்னால் நின்று சொன்னாள்: "அண்ணா, அம்மா அதைக் காணி உறுதியும் எங்கட பிறப்புப் பத்திரமும் வைச்ச பைக்குள்ளை வைச்சிருக்கிறா."

அந்தப் பை எது என்று இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் எடுக்கும் பை. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அம்மா விருந்தாளிக்காக வைத்திருக்கவில்லை. மூட்டை கட்ட வைத்திருந்தார். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்டதைக் கண்டவர்தான் அப்படி வைப்பார்.

அடுத்த பெட்டியில் இன்னும் இரண்டு அனுப்பி இப்படிச் சொன்னேன்: "அம்மா, முந்தினது பைக்குள்ளையே இருக்கட்டும். எடுக்க வேண்டாம். இது ரெண்டும் கட்டிலுக்கு. ஒண்டைத் தோய்ச்சால் மற்றதை விரியுங்கோ." அதற்கு அவர் சம்மதித்தார். இப்போது வெள்ளிக்கு வெள்ளி தோய்க்கிறாராம். முதுகுக்கு நல்ல சுகம் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

ஆகவே உறவுகளே, எந்த நாட்டில் இருந்தாலும், அடுத்த முறை ஊருக்குப் பெட்டி கட்டும்போது கட்டிலின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். சிட்டையை வாசியுங்கள், கசக்கிப் பாருங்கள், வெளிர் நிறமாக எடுங்கள். ஒன்றல்ல, நாலாக அனுப்புங்கள். இரண்டு பைக்குள் போகும். மற்ற இரண்டிலாவது எங்கள் ஆட்கள் நிம்மதியாகப் படுப்பார்கள்.